இளவரசியைவிட அந்தக் காடு அழகு

கேள்வி: தொடக்கநிலை 3 படிக்கும் என் மகளோடு பள்ளி விடுமுறையில் 'ஸ்லீப்பிங் பியூட்டி' என்ற பழைய கார்ட்டூன் படத்தைக் கைப்பேசியில் பார்த்தேன். "ரொம்ப மெதுவாப் போகுதும்மா" என்று பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். இதை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் மகள் சொன்னதில் தப்பே இல்லை. கதை ரொம்ப மெலிசு. சாபம், ராட்டைக் கதிர், தூக்கம், முத்தம், அவ்வளவுதான். இளவரசி அரோராவுக்கு வசனமே சொற்பம். கதிர் குத்திய பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பழகிய நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதே காட்டுக்காகத்தான்.

அந்தக் காட்டின் அழகு ஐவிண்ட் எர்ல் என்ற ஓவியரின் கைவண்ணம். முன்னால் நடமாடும் உருவங்கள் எடுப்பாகத் தெரியட்டும் என்று டிஸ்னி படங்களில் பின்னணியைக் கொஞ்சம் மென்மையாக, மங்கலாக விடுவது வழக்கம். எர்ல் அப்படி விடவில்லை. ஐரோப்பாவின் இடைக்கால ஓவியங்களில் ஊறிப்போய், பக்கத்து இலையையும் தூரத்துக் கோட்டையையும் ஒரே துல்லியத்தில் தீட்டினார். நம் ஊர் பாத்தேக் துணியை விரித்தால் மூலையில் இருக்கும் பூவும் நடுவில் இருக்கும் பூவுக்குச் சமமாக மினுங்கும் இல்லையா, அப்படி. இளவரசி வெறுங்காலோடு பாடிக்கொண்டு வரும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். மரங்கள் தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அடிமரத்துப் பட்டையின் கீறல்கூடத் தனித்தனியாகத் தெரியும். இந்தக் காட்டோடு பொருந்தவேண்டும் என்றே மனித உருவங்களையும் கூர்மையாக, நெடுநெடுவென்று வரைந்தார்கள்.

1959இல் வந்த படம். செலவு சுமார் 60 லட்சம் அமெரிக்க டாலர். அனிமேட்டர்களின் பென்சில் கோட்டைக் கண்ணாடித் தாளில் கையாலேயே மையிட்டு எடுத்த டிஸ்னியின் கடைசி முழுநீளப் படம் இது. 1961இல் வந்த டால்மேஷன் நாய்க்குட்டிகள் படத்தில் அந்த வேலையை நகலெடுக்கும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. முதல் வெளியீட்டில் போட்ட பணம் திரும்பவில்லை. அடுத்த தேவதைக் கதைக்கு டிஸ்னி 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. 1989இல் வந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' அது.

பாட்டும் சாதாரணமில்லை. சைகோவ்ஸ்கி இதே கதைக்கு இசையமைத்த பாலே நடன நாடகம் 1890இல் அரங்கேறியது. அதிலிருந்துதான் ஜார்ஜ் புரூன்ஸ் படத்தின் இசையை உருவாக்கினார். காட்டில் இளவரசி பாடுவது அந்த பாலேயின் வால்ட்ஸ் மெட்டு.

அப்புறம் மலிஃபிசென்ட்! சாதுவான அரோராவையும் கொம்பு வைத்த இந்தச் சூனியக்காரியையும் வரைந்து உயிர்ப்பித்தவர் ஒரே ஆள், அனிமேட்டர் மார்க் டேவிஸ். அவள் கத்துவதே அபூர்வம். அங்கியின் ஓரம் நெருப்பாய் நெளிய, தாழ்ந்த குரலில் மரியாதையாகப் பேசியே நடுங்கவைப்பாள். 2014இல் அவள் பெயரிலேயே தனிப் படம் வந்தது.

ஒன்று மட்டும் உரிமையோடு சொல்கிறேன்: கைப்பேசியில் இதைப் பார்க்காதீர்கள். 70 மி.மீ. அகலத் திரைக்காகவே தீட்டிய ஓவியங்கள் உள்ளங்கைக்குள் நசுங்கிப்போகும். வீட்டு டிவியில் போடுங்கள். முழுப் படமும் வேண்டாம், காட்டுக் காட்சியும் கடைசி டிராகன் சண்டையும் போதும். பிள்ளை கையில் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். அவளுக்குப் பிடித்த மரத்தில் படத்தை நிறுத்தி, வரைந்து முடிக்கும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.