உலக முடிவுச் செய்தியும் டிசம்பர் வேலைகளும்

கேள்வி: நாங்கள் மியான்மரில், யாங்கோன் நகரின் தாம்வேயில் இருக்கிறோம். நான் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள்; கணவர் கரேன் இனத்தவர், பாப்டிஸ்ட் சபை; மாமியார் வீடு இதே நகரின் இன்செயினில். 2025 மார்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஆண்டவர் வரப்போகிறார், இன்ன தேதிக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று வைபர் செயலியில் செய்தி மேல் செய்தி வருகிறது. கோயிலில் ஃபாதரும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தில், இயேசுவின் இரண்டாம் வருகைக்குத் தயாராகுங்கள் என்கிறார். ஆனால் டிசம்பர் பிறந்தாலே பாட்டு, கேக், புதுத்துணி என்று ஓடிவிடுகிறது. நான் என்னதான் செய்ய வேண்டும்? மாமியார் வீட்டில் டிசம்பர் முதல் தேதி நள்ளிரவிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு தொடங்கிவிடும், அதில் கலந்துகொள்ளலாமா? பிள்ளைகள் மெழுகுவர்த்தி வளையமும் கேட்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த வைபர் செய்தியை முடித்துவிடுவோம். யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவர் சொந்தக்காரராக இருந்தால் சண்டையும் போடாதீர்கள், மத்தேயு 24-ஐ உட்கார்ந்து முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். போர், பஞ்சம், நிலநடுக்கம் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆனால் அவற்றைச் சொன்ன அதே மூச்சில், கலங்காதீர்கள், முடிவு உடனே வராது, இவை வேதனைகளின் தொடக்கம்தான் என்று இயேசு சொல்கிறார். அந்த நாள் தந்தை ஒருவருக்கே தெரியும் என்பது 36-ஆம் வசனம். தேதி குறிப்பவர் இதைத் தாண்டிவிட்டுத்தான் குறிக்கிறார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐக் குறித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிலர் வயலில் விளைந்ததை அறுக்கக்கூட இல்லை. மறுநாளும் பொழுது விடிந்தது.

நிலநடுக்கத்தைப் பற்றி இன்னொன்று. சகாயின் பிளவு என்ற பூமிப் பிளவு நம் காலத்துக்கு வெகு முன்பே இந்த மண்ணுக்கடியில் இருக்கிறது. 1930-இல் பெகுவை உலுக்கி ஷ்வேமாடோ பகோடாவைச் சரித்ததும் அதே பிளவுதான். இந்த மார்ச் நிலநடுக்கத்தில் மண்டலேயில் இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று யாராவது பேசினால், சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசு சொன்னதை லூக்கா 13-இல் எடுத்துக் காட்டுங்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இது. வீடிழந்தவர் முன்னால் நின்றுகொண்டு தீர்ப்புச் சொல்ல நமக்கு யார் அனுமதி கொடுத்தது?

சரி, ஃபாதர் சொல்வதற்கு வருவோம். திருவருகைக் காலத்தின் நாட்களைப் பலர் கிறிஸ்துமஸுக்கு முந்தைய கொண்டாட்டம் என்றே நினைக்கிறார்கள். திருச்சபையின் வழிபாட்டில் அப்படி இல்லை. முதல் ஞாயிறிலிருந்து டிசம்பர் 16 வரை வாசகங்களும் மன்றாட்டுகளும் பெரும்பாலும் அவர் மறுபடி வரும் நாளைப் பற்றியவை. 17-ஆம் தேதிதான் பேச்சு பெத்லகேம் பக்கம் திரும்பும். எனவே குடில் கட்டும் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளலாம். உங்கள் கேள்விக்கான நாட்கள் அதற்கு முந்தியவை. 2026-இல் திருவருகைக் காலம் நவம்பர் 29-இல் தொடங்குகிறது.

அன்றைய நற்செய்தி மாற்கு 13:33–37. சின்னப் பகுதி, ஆனால் நீங்கள் கேட்டதற்கு இதைவிட நேரான பதில் இல்லை. வீட்டுத் தலைவர் வெளியூர் போகிறார். போகும்போது ஒவ்வொரு பணியாளருக்கும் அவரவர் வேலையைக் கொடுக்கிறார். வாயில்காப்பவனை மட்டும் விழித்திருக்கச் சொல்கிறார். மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து கூட்டமாக நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. கதையின் முடிவில் எல்லாருக்கும் சேர்த்து விழித்திருங்கள் என்கிறார். சமைப்பவர் சமைத்துக்கொண்டே, கணக்கெழுதுபவர் எழுதிக்கொண்டே விழித்திருக்கலாம் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். தெசலோனிக்கா நகரத்துச் சபையில் சிலர் வேலையை விட்டுவிட்டு ஊர்வம்பு பேசித் திரிந்தபோது, உழைக்க மனமில்லாதவர் சாப்பிடவும் வேண்டாம் என்று பவுல் எழுதினார். வருகை நெருங்கிவிட்டது என்று நம்பிய சபை அது.

மத்தேயு 24-இன் கடைசி வரிகள் இன்னும் கறாரானவை. தலைவர் வரத் தாமதமாகிறது என்று எண்ணும் கெட்ட ஊழியன் முதலில் செய்வது என்ன? உடன் வேலை செய்பவர்களை அடிக்கிறான். நல்ல ஊழியனோ அவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறான். அதனால் திருவருகைக் காலத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சம்பளக் கணக்கைத்தான் கேட்பேன். உங்கள் வீட்டில் துணி துவைக்க வரும் பெண்ணுக்கு நவம்பர் பாக்கி இருக்கிறதா? கடையில் நிற்கும் பையனுக்கு, கிறிஸ்துமஸுக்குச் சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லி எதையாவது நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? விலைவாசி இருக்கும் இருப்பில் அவர்களுக்கு அந்தப் பணம் 24-ஆம் தேதி வரை காத்திருக்காது. முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பரிசு தனி, கூலி தனி.

மக்கள் திருமுழுக்கு யோவானிடம் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று உங்களைப் போலவேதான் கேட்டார்கள். இரண்டு அங்கி இருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், வரி தண்டுபவர் கூடுதலாகப் பிடுங்காதிருக்கட்டும், படைவீரர் யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதிருக்கட்டும் என்றார். தொழிலை விடச் சொல்லவில்லை, பாலைவனத்துக்கு வந்து தங்கச் சொல்லவில்லை. டிசம்பரில் பீரோவைத் திறந்து, இரண்டு வருடமாகக் கட்டாத கைலிகளையும் போர்வைகளையும் எடுத்து வையுங்கள். குளிர் தொடங்கும் மாதம் அது. இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காகத் துணி சேர்க்கும் கோயில் எதுவென்று உங்கள் பங்கிலேயே விசாரித்தால் தெரியும். கிழிந்ததைக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து, சண்டை. பெரும்பாலான குடும்பங்களில் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு ஆளாவது இருப்பார். இதைக் கிறிஸ்துமஸ் காலையில், எல்லார் முன்னாலும், பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு தீர்க்கப் பார்ப்பார்கள். அது அநேகமாகக் கெட்டுப்போகும். இரண்டாம் வாரத்திலேயே ஒரு போன் போடுங்கள். யார் மேல் தப்பு என்ற வழக்கை எடுக்காமல், "அக்கா, எப்படி இருக்கீங்க? ரொம்ப நாளாச்சு" என்று தொடங்கினால் போதும். எடுக்காவிட்டால் இன்னொரு நாள் பாருங்கள். தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போன பிள்ளையோடு மனக்கசப்பு என்றால் அதற்கு முதலிடம் கொடுங்கள், தூரம் கசப்பைப் பெரிதாக்கும். ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தையும் முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள். 23-ஆம் தேதி மாலை வரிசையைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு கையில் கேக் பெட்டி, மறு கையில் போன், பக்கத்து அறையில் பாட்டுக்குழு கிட்டாரைச் சுருதி சேர்க்கும் சத்தம். உள்ளே இருக்கும் ஃபாதருக்கும் களைப்பு. முதல் வாரத்தில் ஒரு வார நாளில் போனால் நிதானமாகப் பேசலாம்.

ஜெபத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்லப்போவதில்லை; நாளுக்குப் பத்து நிமிடம், விடாமல், அவ்வளவே. மணமகனுக்காக விளக்கோடு காத்திருந்த பத்துக் கன்னியர் கதையில், எண்ணெய் போதாதவர்கள் மற்றவர்களிடம் எண்ணெயைக் கடன் வாங்க முடியாமல் போனது ஏன் என்று பிள்ளைகள் கேட்டால், கரண்ட் இருக்கும்போது பேட்டரியை ஏற்றி வைக்காத வீட்டைக் காட்டுங்கள். யாங்கோன் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. எதை வாசிப்பது என்றால், மாற்கு 13, மத்தேயு 25, அப்புறம் இரண்டாம் பேதுரு 3. இந்தக் கடைசிப் பகுதி 2026-இன் இரண்டாம் ஞாயிறு வாசகமாகவே வருகிறது. ஆண்டவர் தாமதிப்பது போலத் தெரிவது, யாரும் அழிந்துபோகாமல் எல்லாரும் மனம்மாறக் கொடுக்கும் அவகாசம் என்கிறார் பேதுரு. பயமுறுத்தும் செய்திகளோடு வளரும் பிள்ளைகள் இதைக் கேட்பது நல்லது.

இனி இன்செயின். தாராளமாகப் போங்கள். டிசம்பரைப் பாட்டோடு வரவேற்பது கரேன் கிறிஸ்தவர்களின் அருமையான வழக்கம். அதை 'ஸ்வீட் டிசம்பர்' என்கிறார்கள், நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வழிபாட்டில் இன்னும் கிறிஸ்துமஸ் பாட்டு வரவில்லை என்று மாமியாருக்குப் பாடம் எடுக்காதீர்கள். திருவருகைக் காலத்தின் பெயரால் ஒரு குடும்பச் சண்டை புதிதாக வேண்டாம். கோயிலில் திருவருகைக்கால ஒழுங்கு, மாமியார் வீட்டில் அவர்கள் ஒழுங்கு. ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள்: பாட்டுக்குழு வீடு வீடாகப் போகும்போது, கேக்கும் டீயும் கிடைக்கும் வீடுகளோடு, படுக்கையில் கிடக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும், பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட வீட்டுக்கும் போக முடியுமா என்று. மாமியாருக்கு உங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், எந்தத் தெருவில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று.

கடைசியாக மெழுகுவர்த்தி வளையம். செய்து கொடுங்கள். இது பழைய சட்டம் ஒன்றும் இல்லை. 1839-இல் ஹம்பர்க்கில் யோகான் ஹின்ரிச் விஷர்ன் என்ற லூத்தரன் (புரோட்டஸ்டண்ட்) போதகர், தன் இல்லத்துப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் எப்போது என்று நச்சரித்ததால், வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார். ஞாயிறுக்குப் பெரியது, வாரநாளுக்குச் சிறியது. பிறகுதான் கத்தோலிக்கர் வீடுகளுக்கும் வந்தது. ஆகவே உங்கள் கணவர் வீட்டாரும் தயங்கத் தேவையில்லை. இப்போது ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்திதான்; ஊதா மூன்று, ரோஸ் ஒன்று என்பது வழக்கம். ரோஸ் மூன்றாம் ஞாயிறுக்கு. கடையில் கிடைக்காவிட்டால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும், ரோஸ் ரிப்பன் கட்டிவிடுங்கள். மர வீடாக இருந்தால் அகலமான எவர்சில்வர் தட்டில் வைத்து, திரைச்சீலைக்குத் தள்ளி, ஜெபம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் அணைக்க வேண்டும்.