எஸ்பிஎம் முடித்த மகளுக்கு எந்தப் படிப்பு? அரசாங்கப் புள்ளிவிவரம் உதவுமா?

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் எலக்ட்ரானிக்ஸ் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பி மகளை அந்த டிப்ளோமாவில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் அக்கா. அதை முடிவு செய்ய அரசாங்கப் புள்ளிவிவரம் உதவும், தாராளமாக. மலேசியப் புள்ளிவிவரத் துறையின் ஓப்பன்டோசம் (OpenDOSM) இணையத்தளம் இலவசம்தான்.

சம்பள அறிக்கையில் சராசரியைப் பார்த்து மயங்காதீர்கள், இடைநிலைச் சம்பளத்தைப் பாருங்கள். ஐந்து பேர் 2,000, 2,200, 2,500, 3,000, 15,000 ரிங்கிட் வாங்கினால் சராசரி 4,940, ஆனால் நடுவில் நிற்பவர் வாங்குவது 2,500தான், உங்கள் மகளின் நிலைமைக்கு அதுதான் கிட்டத்தில் இருக்கும். பினாங்குக்கான எண்ணைத் தனியாக எடுங்கள், கோலாலம்பூர் சம்பளம் வேறு கதை.

அப்புறம், மாஸ்கோ (MASCO) என்கிற மலேசியத் தொழில் வகைப்பாட்டில் பொறியாளர் 2-ஆம் பிரிவு, டெக்னீஷியன் 3-ஆம் பிரிவு. டிப்ளோமாவோடு நிறுத்தினால் பெரும்பாலும் 3-தான் என்பதால் அந்த வரிசையைப் படியுங்கள்.

இன்னொன்றை மகளிடமும் காட்டுங்கள்: டிப்ளோமா, பட்டம் படித்து வேலையில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் படிப்புக்குக் கீழான வேலையில்தான் இருக்கிறார்கள். அதனால் டேலண்ட்கார்ப் என்கிற அரசு நிறுவனத்தின் மைகோல் (MyCOL) பட்டியலையும் திறந்து, முதலாளிகள் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு விண்ணப்பம் போடுங்கள்.