பறவை மோதிய பிறகும் ஏன் வானத்திலேயே சுற்றினார்கள்?

கேள்வி: சென்ற மாதம் ஒரு ஐரோப்பிய நகரிலிருந்து கிளம்பிய விமானத்தில் நானும் அம்மாவும் இருந்தோம். இரண்டு இன்ஜின், நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானம். தரையை விட்டு எழும்பிய சில நொடிகளில் தடார் என்று ஒரு சத்தம், அப்புறம் இறகு கருகிய வாடை. பறவை மோதியதாக அறிவித்தார்கள். ஆனால் உடனே இறங்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, தீயணைப்பு வண்டிகள் பின்னாலேயே ஓடிவர, கிளம்பிய இடத்திலேயே இறக்கினார்கள். இன்ஜின் நின்றுபோனதை மறைத்தார்களா? கட்டுப்பாட்டு அறை இடம் தரவில்லையா? அம்மா இனி விமானமே ஏற மாட்டேன் என்கிறார். இதற்கிடையில் ஒரு முகவர் அழைத்து, இழப்பீடு வாங்கித் தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். போடலாமா?

பதில்: அன்று நடந்ததிலேயே நல்ல செய்தி அந்த ஒன்றே முக்கால் மணி நேரம்தான் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இன்ஜினில் தீ, கேபினில் புகை என்றால் யாரும் சுற்றிக்கொண்டிருக்க மாட்டார்கள். எடை கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை என்று கிடைத்த முதல் வாய்ப்பிலேயே இறக்கிவிடுவார்கள். ஒரு இன்ஜின் முழுதாக நின்றுபோனாலும் ஏறக்குறைய அப்படித்தான், பக்கத்தில் இருக்கும் தகுந்த ஓடுபாதையைப் பார்த்துப் போய்விடுவார்கள். அத்தனை நேரம் மேலே இருந்தார்கள் என்றால், இரண்டு இன்ஜினும் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்றில் அதிர்வு கூடியிருந்தது என்றுதான் நான் ஊகிப்பேன்.

வாடை வந்ததற்குக் காரணம் எளிது. நீங்கள் சுவாசிக்கும் காற்றை, பெரும்பாலான விமானங்களில், இன்ஜினுக்குள் அழுத்தப்படும் காற்றிலிருந்துதான் பிரித்து எடுக்கிறார்கள். பறவை இன்ஜினின் உள்வயிறு வரை போனால் அந்த வாடை கேபினுக்கு வந்தே தீரும். அது தீப்பிடித்ததற்கு அடையாளம் அல்ல.

மோதிய நொடியில் விமானிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டால் நம்ப மாட்டீர்கள். கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. சக்கரத்தை உள்ளே இழுப்பார்கள், மூக்கை நேராகப் பிடிப்பார்கள், அலறும் எச்சரிக்கை மணியை நிறுத்துவார்கள். தரையிலிருந்து 400 அடி ஏறும்வரை வேறு எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது என்பது பொதுவான பழக்கம். ஓடுபாதையில் ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டால், ஒரு இன்ஜின் செத்தாலும் மற்றொன்றை வைத்தே ஏற முடியும் என்று நிரூபித்த பிறகுதான் விமானத்துக்கு அனுமதியே தருகிறார்கள். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2015 பிப்ரவரியில் தைபேயில் விழுந்த டிரான்ஸ்ஏசியா விமானம் சாட்சி. கிளம்பியதும் ஒரு இன்ஜின் சக்தி இழந்தது. பதற்றத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்றதை அணைத்துவிட்டார்கள். 43 பேர் போனார்கள். அங்கே பறவை எதுவும் மோதவில்லை, ஆனால் பாடம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இன்ஜினும் பூஞ்சை உடம்புக்காரன் அல்ல. நடுத்தரப் பறவைகள் சில ஒரே நேரத்தில் உள்ளே போனாலும் முக்கால் பங்கு உந்துவிசையைத் தந்தபடி 20 நிமிடம் ஓடிக் காட்ட வேண்டும். பெரிய பறவை போனால் நின்றுபோகலாம், ஆனால் துண்டுகள் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரக் கூடாது. வலை கட்டினால் என்ன என்று எல்லோரும் கேட்பார்கள். பறவையைத் தாங்கும் அளவு கனமான வலை காற்றை மறிக்கும், அதில் பனி உறையும், கடைசியில் வலையே பிய்ந்து உள்ளே போகும்.

இனி என் பழைய நாற்காலிக்கு, விமானக் கட்டுப்பாட்டாளர் நாற்காலிக்கு வருகிறேன். ரேடார் அறையில் இருப்பவர்தான் விமானத்தை இறக்கிவிடுகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். எங்களால் இறக்க முடியாது. அவசரநிலையில் முடிவு முழுக்க கேப்டனுடையது. எங்கள் வேலை இரண்டே இரண்டு: வழியை ஒதுக்கிக் கொடுப்பது, வாயை மூடிக்கொண்டிருப்பது. இரண்டாவது மிகவும் கஷ்டம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் தடுக்கி விழுவார்கள். பதற்றத்தில் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். உள்ளே இரண்டு பேர் நாலு கைகளோடு விமானத்தை ஓட்டிக்கொண்டு, பட்டியலைப் படித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போது, 'உங்கள் பிரச்சினை என்ன' என்று மூன்றாவது முறை கேட்பவனைவிட உபத்திரவம் வேறில்லை.

விமானி 'மேடே' என்று மூன்று முறை சொன்னால் உயிருக்கு ஆபத்து என்று அர்த்தம். 'பான் பான்' என்று மூன்று முறை சொன்னால் அவசரம், ஆனால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை. இரண்டில் எது காதில் விழுந்தாலும் கட்டுப்பாட்டாளர் அதைத் திருப்பிச் சொல்லி, கேட்டுக்கொண்டதை உறுதிப்படுத்துவார். மற்ற விமானங்களை விலக்குவார், முடிந்தால் வேறு அலைவரிசைக்கு அனுப்புவார். தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போகும். நீங்கள் கிளம்பிய ஓடுபாதையை நிறுத்திவைத்து, ஒரு வண்டி போய்ப் பறவையின் மிச்சத்தையும் இன்ஜின் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்பதையும் பார்க்கும். அது அடுத்த விமானத்துக்கு எமன். இத்தனையும் முடிந்த பிறகு, 'கை ஒழியும்போது சொல்லுங்கள்' என்று நாலு விஷயம் கேட்பார்: என்ன ஆயிற்று, என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை நேரத்துக்கு எரிபொருள் இருக்கிறது, உள்ளே எத்தனை பேர்.

அந்த நாலாவது கேள்விதான் ஒலிப்பதிவாகச் சுற்றுகிறது. 'எத்தனை ஆன்மாக்கள்' என்று கேட்கிறார், அப்போதே கைவிட்டுவிட்டார் என்று தலைப்புப் போட்டுப் பயமுறுத்துகிறார்கள். கப்பல் காலத்துச் சொல் அது. 'பயணிகள்' என்று கேட்டால் சிப்பந்திகள் விட்டுப்போவார்கள், இருக்கையை எண்ணினால் மடியில் இருக்கும் குழந்தை விட்டுப்போகும். மீட்புக்குப் போகிறவர் யாரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கணக்கு. இந்தக் காணொளிகளை அம்மாவுக்குக் காட்டாதீர்கள்.

கட்டுப்பாட்டு அறை இடம் தரவில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். மேடே என்ற சொல் வந்தால் ஓடுபாதை அவர்களுடையது. நான் எரிச்சல் படுவது வேறு விஷயத்துக்கு. சில விமானிகள் அந்தச் சொல்லைச் சொல்லவே தயங்குவார்கள். பிறகு எழுத வேண்டிய அறிக்கைகளுக்குப் பயம், நிறுவனத்துக்குப் பயம். 1990 ஜனவரியில் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்த ஏவியான்கா 52, 'முன்னுரிமை வேண்டும்' என்று சொன்னதே தவிர அவசரநிலை என்று அறிவிக்கவேயில்லை. 73 பேர். இன்னமும் ஒரு வார்த்தையைச் சொல்ல ஆளைப் பயப்பட வைக்கும் அலுவலகக் கலாசாரம் எங்கெல்லாமோ இருக்கிறது.

இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் போனால்? அம்மா கேட்பார். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க் லாகார்டியாவிலிருந்து கிளம்பிய ஏர்பஸ் ஏ320, ஏறக்குறைய 2,800 அடியில் கனடா வாத்துக் கூட்டத்தில் புகுந்தது. அப்போது பணியில் இருந்த கட்டுப்பாட்டாளர் பேட்ரிக் ஹார்டன். திரும்பி வர அவர் உடனே திசை சொன்னார், லாகார்டியாவில் புறப்பாடுகளை நிறுத்தச் சொன்னார், ஒரு ஓடுபாதையைக் கொடுத்தார், மறுத்தபோது இன்னொன்றைக் கொடுத்தார், பக்கத்து டீட்டர்பரோ விமான நிலையத்தையும் ஏற்பாடு செய்தார். முடியாது, ஹட்சன் ஆற்றில் இறங்குகிறோம் என்றார் கேப்டன் சல்லன்பெர்கர். மோதியதிலிருந்து தண்ணீரைத் தொட்டதுவரை மூன்றரை நிமிடம். 155 பேரும் பிழைத்தார்கள். இதில் இன்றைக்கும் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இரண்டு இன்ஜினும் நின்றால் படிக்க வேண்டிய பட்டியலை, மிக உயரத்தில் நின்றுபோகும், கீழே வர நிறைய நேரம் இருக்கும் என்று வைத்துத்தான் எழுதியிருந்தார்கள். பறவைகள் இருப்பதோ தரைக்குப் பக்கத்தில். பறவை மோதல்களில் மிகப் பெரும்பாலானவை விமான நிலையத்துக்கு அருகே, தாழ்வாகப் பறக்கும்போதுதான் நடக்கின்றன என்பது எத்தனையோ வருடமாக எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

சரி, ஏன் சுற்றினார்கள்? எடை. நீண்ட பயணத்துக்கு எரிபொருள் நிரப்பிக் கிளம்பிய விமானம், இறங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட எடையைவிடப் பல டன் கூடுதலாக இருக்கும். ஏ320, போயிங் 737 போன்ற விமானங்களில் எரிபொருளை வெளியே கொட்டும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும், அதுவும் மணிக்கு இரண்டரை டன் அளவில்தான் குறையும். அவசரமில்லை என்றால் எடையைக் குறைத்துக்கொண்டு, மெதுவான வேகத்தில், பிரேக்கைச் சுடவைக்காமல் இறங்குவதுதான் புத்திசாலித்தனம். ஒரு இன்ஜின் பழுதான நிலையிலும் இப்படிக் காத்திருந்தவர்கள் உண்டு. 2020 பிப்ரவரியில் மாட்ரிட்டிலிருந்து கிளம்பிய ஏர் கனடா விமானத்தில் டயர் வெடித்து இன்ஜினும் அடிபட்டது. சுமார் நாலு மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் இறங்கினார்கள், போர் விமானம் ஒன்று பக்கத்தில் வந்து சக்கரத்தைப் பார்த்துச் சொன்னது. டயர் போன விமானத்தைக் கனத்தோடு இறக்க யாருக்குத் துணிவு வரும்? தீயணைப்பு வண்டிகள் உங்களைத் தொடர்ந்ததும் பிரேக் சூட்டுக்காகத்தான். அவை வருவது விதி, நெருப்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை.

இதை அறிவிப்பில் ஒரு நிமிடம் சொல்லியிருந்தால் உங்கள் அம்மா அந்த நேரம் முழுக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். 'சிறு தொழில்நுட்பக் காரணம்' என்று மூன்று சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நான் பார்த்த எத்தனையோ விமான நிலையங்களின் நிர்வாகமும் இதே லட்சணம்தான். சுற்றுவட்டாரத்தில் குப்பைமேடு வளர்வதை வேடிக்கை பார்ப்பார்கள், புல்லைச் சரியான உயரத்தில் வைக்க மாட்டார்கள், ஆனால் 'பறவை விரட்டும் அல்ட்ராசோனிக் கருவி' விற்க ஒருவன் பையோடு வந்தால் காப்பி வாங்கிக் கொடுத்து உட்காரவைப்பார்கள். மனிதர் காதுக்கு எட்டாத அந்த ஒலி பறவைக் காதுக்கும் எட்டாது. வெடிச்சத்தம் போடும் பீரங்கியாவது முதல் சில நாள் வேலை செய்யும், பிறகு பறவைகள் அதன் மேலேயே வந்து உட்காரும்.

கடைசியாக அந்த முகவர். கையெழுத்துப் போடாதீர்கள். இவர்கள் பெரும்பாலும் கிடைக்கும் தொகையில் கால் பங்குக்குமேல் எடுத்துக்கொள்வார்கள். அதைவிட மோசம், நீங்கள் உரிமையையே அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருப்பீர்கள், விமான நிறுவனம் நேராக உங்களுக்கு ஏதாவது தர முன்வந்தாலும் கணக்கு அவர்கள் வழியாகத்தான் போகும். ஐரோப்பிய நீதிமன்றம் 2017 மே 4 அன்று பெஷ்கோவா வழக்கில், பறவை மோதல் நிறுவனத்தின் கையை மீறிய அசாதாரணச் சூழ்நிலை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே தாமதத்துக்கான நிலையான இழப்பீடு பொதுவாகக் கிடையாது. காத்திருந்தபோது சாப்பாடு, இரவானால் தங்குமிடம், மாற்று விமானம் அல்லது கட்டணத்தைத் திருப்பிக் கொடுப்பது, இவை கிடைத்தாக வேண்டும். தராமல் நீங்களே செலவு செய்திருந்தால் ரசீதை நிறுவனத்துக்கே எழுதி அனுப்புங்கள், அதற்கு ஆள் தேவையில்லை.

முகவர்கள் தொங்கிக்கொண்டிருப்பது அதே தீர்ப்பில் இருக்கும் ஒரு விதிவிலக்கில். அதைப் புரிந்துகொள்ளுங்கள். அந்த வழக்கில் பறவை மோதிய விமானத்தை அங்கேயே ஒரு நிறுவனம் சோதித்தது. ஆனால் விமானத்தின் உரிமையாளர் அதை ஏற்கவில்லை. வேறு ஊரிலிருந்து தங்கள் ஆளை வரவழைத்து மறுபடி சோதித்தார்கள், நேரம் போயிற்று. விதிப்படி தகுதியுள்ள நிபுணர் முதல் முறையே பறக்கத் தகுந்தது என்று சொல்லிவிட்டால், இரண்டாவது சோதனையால் வந்த தாமதத்துக்கு அசாதாரணம் என்ற சாக்கு செல்லாது என்றது நீதிமன்றம். எனவே தாமதத்தைக் கூறு போட்டுப் பார்க்க வேண்டும். பறவையால் வந்த மணி நேரம் தனி, தேவையில்லாத மறுசோதனையால் வந்த மணி நேரம் தனி. பறவையால் வந்த பகுதியைக் கழித்த பிறகும் மூன்று மணி நேரமாவது மிஞ்சினால்தான் கேட்க வழி உண்டு. அதை நிரூபிக்கப் பராமரிப்புப் பதிவு வேண்டும், அது நிறுவனத்திடம் இருக்கும்.

அவர் மறுபடி அழைத்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இறங்கிய பிறகு விமானத்தை எத்தனை முறை சோதித்தார்கள், முதலில் சோதித்தவர் யார்? தெரியாது என்பார். ஆனாலும் கையெழுத்தை மட்டும் இன்றைக்கே போடச் சொல்வார்.