மஞ்சள் பை, பச்சைப் பை, சிவப்புப் பை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வயிற்று டயாலிசிஸ் பற்றி நாலு வரி எழுதப்போக, இந்த முறை வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியே. சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு ஒரு பைத் திரவத்தைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் ஏற்றி, சில மணி நேரம் கழித்து, கழிவோடும் மிகுதி நீரோடும் இறக்கிவிட்டு அடுத்த பையை ஏற்றுவதுதான் இந்த டயாலிசிஸ். பை மாற்றக் கற்றுக்கொடுக்கும் நர்ஸாக மதுரையில் பதினாறு வருடம் ஓட்டியவள் நான். சரி, இந்தப் பக்கம் முழுக்க அதற்கே இருக்கட்டும்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): அம்மாவுக்கு 58 வயது. மூன்று வருடமாக வீட்டிலேயே தினம் நாலு தடவை பை மாற்றுகிறோம். முதலில் எல்லாம் மஞ்சள் பைதான். இப்போது இரண்டு லிட்டர் ஏற்றினால் அந்த இரண்டு லிட்டர்கூட முழுசாக இறங்குவதில்லை, கால் வீங்குகிறது, அதனால் பச்சை, சில நாள் சிவப்பு. "வயிற்றுச் சவ்வு வேகமாகிவிட்டது" என்கிறார் டாக்டர். வேகமானால் நல்லதுதானே? அதைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில்: இங்கே வேகம் நல்லதில்லை தம்பி. பையில் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை, சர்க்கரைத் தண்ணீர். நறுக்கின மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் தண்ணீர் விடுகிறதே, அதே சங்கதிதான். உடம்பில் தேங்கின நீரை வயிற்றுக்குள் இழுத்து வருவது அந்தச் சர்க்கரை. மஞ்சளில் 1.5 சதவீதம், பச்சையில் 2.5, சிவப்பில் 4.25. ரத்தத்தில் சர்க்கரை 100 இருந்தால் நார்மல் என்கிறோம் இல்லையா, அதே கணக்கில் அளந்தால் மஞ்சள் பையில் சுமார் 1,360, சிவப்பில் சுமார் 3,860!

இதை நாள் முழுக்கத் தாங்குவது வயிற்றின் உட்சுவரையும் குடலையும் போர்த்தியிருக்கும் பெரிடோனியம் என்ற சவ்வு. அதன் மேல்பக்கத்தில் மீசோதீலியல் செல்கள் ஒரே ஒரு அடுக்காக, தரைக்கு ஓடு பதித்த மாதிரி இருக்கும். குடல் உரசாமல் நழுவ வழவழப்பான திரவம் சுரப்பதுதான் அவற்றின் பிறவி வேலை. தினம் எட்டு லிட்டர் சர்க்கரைத் தண்ணீரில் ஊறிக் கிடக்கவா அவை படைக்கப்பட்டன? போதாததற்கு, திரவத்தைக் கிருமி நீக்கச் சூடாக்கும்போது சர்க்கரையில் கொஞ்சம் சிதைந்து வேறு பொருட்களாகிவிடுகிறது. பாகு காய்ச்சும்போது நிறம் மாறுவது போல. அந்தச் சிதைவுப் பொருட்கள் செல்லுக்கு நேரடி விஷம். அந்தச் சிதைவைக் குறைக்கத்தான் சாதாரணப் பைகளில் திரவத்தைப் புளிப்புப் பக்கமாகவே வைத்திருக்கிறார்கள், அந்தப் புளிப்பும் செல்லுக்கு ஆகாது.

இதெல்லாம் வருடக்கணக்கில் நடக்கும்போது சில செல்கள் உதிர்ந்து போகின்றன. சில செல்கள் குணமே மாறி, தழும்பு கட்டும் செல்களாகி உள்ளே இறங்கிவிடுகின்றன. 2003-ல் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை நோயாளிகளிடமே காட்டினார்கள். சவ்வு தடிக்கிறது, புதுப்புது ரத்தக் குழாய் முளைக்கிறது. குழாய் கூடினால் பையில் உள்ள சர்க்கரை ரத்தத்துக்குள் சீக்கிரம் ஓடிவிடும். உங்கள் டாக்டர் சொன்ன வேகம் இதுதான். சர்க்கரை ஓடிய பிறகு தண்ணீரை எது இழுக்கும்? இறங்குவது குறையும், அதைச் சரிக்கட்டப் பச்சை, அப்புறம் சிவப்பு, அந்தச் சிவப்பு சவ்வை இன்னும் கெடுக்கும். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற கதைதான்.

காப்பாற்ற வழி கேட்டீர்கள். மாத்திரையைச் சொல்லுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், நான் முதலில் உங்கள் வீட்டு அடுப்படிக்குத்தான் வருவேன். 9 கிராம் உப்பு உடம்பில் தங்கினால் கூடவே சுமார் ஒரு லிட்டர் தண்ணீரும் தங்கும். அதை வெளியே எடுக்கத்தான் சிவப்புப் பை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அதுவும் குழம்பு, பொரியல், இட்லி மாவு எல்லாம் சேர்த்து. கருவாடு, மோர் மிளகாய், அப்பளம், ராத்திரி பரோட்டாவோடு வரும் சால்னா, இவை இருக்கிற வீட்டில் மஞ்சள் பை போதாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "இந்துப்புதான் போடுகிறோம் அக்கா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். இந்துப்பும் அதே உப்புதான். சோடியம் குறைத்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும், டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். உப்பைக் குறைத்தாலும் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள், இறங்கும் தண்ணீரோடு தினம் 5 முதல் 10 கிராம் வரை புரதம் போய்விடுகிறது, முட்டை வெள்ளைக்கரு அவசியம்.

அடுத்தது சிறுநீர். அம்மாவுக்கு இன்னும் கொஞ்சமாவது போகிறது என்றால் அது பொன். சிறுநீரகம் வெளியேற்றும் ஒவ்வொரு டம்ளரும் சவ்வு சுமக்க வேண்டாத பாரம். அதனால் மூட்டு வலி என்று மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது கூடவே கூடாது.

பிறகு டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சவ்வின் வேகத்தை அளக்கும் பெட் டெஸ்ட் (PET) கடைசியாக எப்போது எடுத்தது, அதில் என்ன வந்தது? சவ்வு வேகமாக இருப்பதால் திரவம் உள்ளே இருக்கும் நேரத்தைக் குறைக்கலாமா, ராத்திரி மெஷினில் போடலாமா? நீண்ட நேரம் உள்ளே நிற்கும் அந்த ஒரு பைக்கு மட்டும் ஐகோடெக்ஸ்ட்ரின் தரலாமா? இது மாவுச்சத்திலிருந்து செய்வது, சர்க்கரை மாதிரி சட்டென்று ஓடாமல் பல மணி நேரம் தண்ணீரை இழுக்கும். ஆனால் இதைப் போடுகிறவர்களுக்குச் சில குளுக்கோமீட்டர் பட்டைகள் சர்க்கரையை இல்லாத அளவுக்குக் கூட்டிக் காட்டும், அதை நம்பி இன்சுலினை ஏற்றினால் ஆபத்து. எந்த மீட்டர் சரி என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். சர்க்கரையையும் மற்றதையும் தனித்தனி அறையில் அடைத்து, ஏற்றும் முன் கலக்குகிற இரட்டை அறைப் பையும் உண்டு. புளிப்பும் சிதைவுப் பொருளும் அதில் குறைவு, சிறுநீர் நிற்காமல் இருக்கவும் உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. விலைதான் இடிக்கும்.

கேள்வி (திருமங்கலம் வாசகர்): லித்தியம் சாப்பிட்டால் வயிற்றுச் சவ்வு கெடாது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. குளூட்டமின் பவுடரும் நல்லது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். இரண்டுமே எங்கிருந்து கிளம்பின என்று தெரியும். வியன்னா ஆராய்ச்சியாளர்கள் டயாலிசிஸ் திரவத்தில் லித்தியத்தைச் சேர்த்து, மீசோதீலியல் செல்லிலும் எலியிலும் பார்த்தார்கள், பாதிப்பு குறைந்தது, 2021-ல் வெளியிட்டார்கள். அவ்வளவுதான். மாத்திரையாக விழுங்கினால் கதை வேறு. லித்தியம் வெளியேறுவதே சிறுநீரகம் வழியாகத்தான், அது வேலை செய்யாதவருக்கு ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் விஷமாகிவிடும். குளூட்டமினும் அப்படியே. அங்கே சோதித்தது அலனைல் குளூட்டமின் என்ற பொருளைப் பைக்குள்ளேயே கலந்து, கொஞ்சம் நோயாளிகளிடம். செல்லின் எதிர்ப்பு சக்தி தேறியதாகத் தெரிந்தது. ஜிம் கடையில் டப்பாவில் விற்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கும் ஆசைதான், சர்க்கரையோடு செல்லைக் காக்கும் மருந்தும் சேர்ந்த பை ஒன்று நம்ம ஊருக்கு வர வேண்டும் என்று.

கேள்வி (வாடிப்பட்டி வாசகி): மாதத்துக்கு ஒரு தடவை பெட்டி பெட்டியாகப் பை வருகிறது. வீட்டில் இடமில்லாமல் தகர ஷெட்டில் அடுக்குகிறோம். ஏற்றும் முன் வெந்நீரில் போட்டுச் சூடு பண்ணலாமா?

பதில்: மே மாதம் தகர ஷெட்டுக்குள் நீங்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். சூட்டில் கிடக்கும் பையில், மேலே சொன்ன சிதைவுப் பொருட்களில் மோசமான ஒன்று கூடிவிடுகிறது. எத்தனை டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். கட்டிலுக்கு அடியில், மச்சுக்குக் கீழே, வெயில் படாத அறை, எதுவானாலும் ஷெட்டைவிடத் தேவலை. வெந்நீரில் முக்குவது கூடாது, ஈரம் இணைப்புப் பக்கம் போய்க் கிருமி ஏறும். மைக்ரோவேவும் வேண்டாம், ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் ஆறிக் கிடக்கும். அதற்கென்று இருக்கும் சூடாக்கும் தட்டு நல்லது.

கேள்வி (மேலூர் வாசகி): சித்திரைத் திருவிழாவுக்கு எதிர்சேவை பார்க்க தல்லாகுளத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம், அங்கேயே என் வீட்டுக்காரர் தன் டயாலிசிஸ் பையை மாற்றினார். மறுநாள் இறங்கின தண்ணீர் லேசாகக் கலங்கலாக இருந்தது. அடுத்த தடவை கொஞ்சம் தெளிந்துவிட்டது, வலியும் இல்லை. சும்மா விட்டுவிடலாமா?

பதில்: இந்தப் பத்தியை நீங்கள் படிக்கும்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்க வேண்டும் அம்மா. பையை அச்சடித்த தாளின் மேல் வைத்துப் பாருங்கள், எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்றால் அது கலங்கல்தான், வலி இருக்கிறதா இல்லையா என்பது இரண்டாவது. தெளிகிற மாதிரி காட்டிவிட்டுத் திரும்பவும் கலங்குவதை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை பல வருடத்தில் செய்கிற சேதத்தை ஒரு கடுமையான கிருமித் தொற்று சில நாளில் செய்துவிடும், செல்கள் கொத்துக் கொத்தாக உதிரும். கலங்கின பையைக் கொட்டாமல் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் வெள்ளணு 100-க்கு மேல் இருந்து, அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளணு என்றால் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள், எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அதே தண்ணீர்தான் வேண்டும். ஆன்டிபயாட்டிக்கைப் பையிலேயே கலந்து ஏற்றுவார்கள், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், சீக்கிரம் போனால்.

அடுத்த வருடமும் அழகரைப் பார்க்கப் போங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பை மாற்ற மட்டும் அந்த வீட்டில் ஓர் அறையை அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மாஸ்க் போட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நலம் விசாரிக்க வருகிற பெரியம்மாவை வாசலிலேயே உட்கார வைத்துக் காபி கொடுங்கள்.