நெத்திலி வராத வருடம்

அன்புள்ள ஐயா,

எல் நினோவால் ஒரு நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். மிகையாகப் படுகிறது. மொத்த உற்பத்தியில் சிறு பங்கே உள்ள ஒரு தொழில் வானிலையால் படுத்தால், நாட்டுக் கணக்கே மாறிவிடுமா?

எஸ்., நாமக்கல்

அன்புள்ள எஸ்.,

நான் மனதில் வைத்து எழுதியது தென் அமெரிக்க நாடான பெருவை. அங்கே மீன்பிடிப்பின் பங்கு சுமார் ஒரு சதவீதம்தான். அந்த வகையில் உங்கள் சந்தேகம் நியாயம்.

பெருவின் கடல் குளிர்ந்த கடல். காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, அடியிலிருந்து சத்துள்ள குளிர்நீர் மேலே வரும். அதில் பாசி பெருகும். பாசியை நம்பி அஞ்சோவெட்டா என்ற சிறு மீன் பெருகும். நம் நெத்திலிக்குப் பங்காளி. ஆனால் அதை அங்கே யாரும் பெரிதாகச் சாப்பிடுவதில்லை. பெரும்பகுதி ஆலைக்குப் போய் மீன் தூளாகி, சீனாவுக்குக் கப்பலேறுகிறது. நெத்திலி வறுவலில் வளர்ந்த எனக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

எல் நினோ என்றால் இந்தக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது. 2023-ல் அதுதான் நடந்தது. ஜூனில் சோதனைக்கு வலை போட்டால், 12 சென்டிமீட்டருக்கும் சிறிய குஞ்சுகளே ஏராளம். முதல் பருவ மீன்பிடிப்பையே ரத்து செய்தார்கள். படகு நின்றால் ஆலையும் நிற்கும். அந்த நஷ்டம் மீன்பிடிப்புக் கணக்கில் வராது, தொழிற்சாலைக் கணக்கில் வரும். அந்த ஒரு சதவீதத்துக்குள் இது அடங்காது. இதோடு, அதே ஆண்டு மார்ச்சில் யாக்கு புயல் வெள்ளம், வெப்பத்தில் புளூபெர்ரி விளைச்சல் சரிவு. எலுமிச்சை விலைகூட எகிறியது. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துச் சாப்பிடும் ஊரில் அது சின்ன விஷயமில்லை. அந்த ஆண்டு பொருளாதாரம் சுமார் அரை சதவீதம் சுருங்கியது.

எல்லாப் பழியும் கடலுக்கில்லை. ஆண்டின் தொடக்கத்தில் அரசியல் கொந்தளிப்பு, சாலை மறியல்கள். மறுபக்கம் செம்புச் சுரங்கங்கள் நன்றாக ஓடின. இல்லாவிட்டால் இன்னும் கீழே போயிருக்கும். 2024-ல் கடல் ஆறியது, முதல் பருவத்துக்கே சுமார் 25 லட்சம் டன் பிடிக்க அனுமதி கொடுத்தார்கள், பொருளாதாரமும் 3 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது.

1972-ல் நடந்தது இதைவிடப் பெரிது. 1970-ல் 1 கோடியே 20 லட்சம் டன்னைத் தாண்டிய பிடிப்பு, 1973-ல் சுமார் 20 லட்சம் டன்னுக்கு விழுந்தது. அளவில்லாமல் அள்ளியதும் ஒரு காரணம், எல் நினோ மட்டுமில்லை. மீன் தூள் கிடைக்காமல் கோழித் தீவனக்காரர்கள் சோயாவுக்குத் தாவினார்கள் (நாமக்கல்காரருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை). சோவியத் கொள்முதலும் சேர்ந்து சோயா விலை தாறுமாறாக ஏற, 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்கே தடை போட்டது. அமெரிக்காவையே நம்பியிருந்த ஜப்பான் பதறிப்போய், பிரேசிலின் செராடோ புல்வெளிகளைச் சோயா நிலமாக்கப் பணம் கொடுத்தது. இன்று உலகில் அதிகம் சோயா ஏற்றுமதி செய்யும் நாடு பிரேசில்தான்.