ப்ளூடூத் இல்லாத பழைய காரில் போனில் இருக்கும் பாட்டைக் கேட்க என்ன வழி?

கேசட் போடும் செட் உங்கள் காரில் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அதைக் கழற்றிவிடலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன்.

வண்டி 2000 மாடல் மாருதி 800, அப்பா வாங்கியது. "டச் ஸ்கிரீன் ஆண்ட்ராய்டு செட் போட்டுடலாம் சார், டிவி மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். அந்தக் காருக்குள் டிவி எதற்கு என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. செட்டுக்குப் போகும் மஞ்சள் வயர் நேராக பேட்டரியில் இருந்து வர வேண்டும், சிவப்பு வயர் சாவி போட்டால்தான் கரண்ட் வாங்க வேண்டும். அவர் இரண்டையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, பேட்டரி லைனிலேயே கொடுத்துவிட்டார். சாவியை உருவினாலும் செட் முழுசாகத் தூங்காது. மூன்றாம் நாள் காலையில் பேட்டரி சுத்தமாகக் காலி. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவே வந்து தள்ளியது, இட்லிக் கடை அக்கா உட்பட. கடைக்குப் போய்க் கேட்டால், "பேட்டரி வீக் சார், புதுசு போடுங்க" என்கிறார்!

வண்ணாரப்பேட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் டெஸ்டரை வைத்துப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். அப்பாவின் பழைய செட்டையே திரும்ப மாட்டச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்கினேன். போன் பாட்டை அது குட்டி எஃப்எம் ஸ்டேஷன் போல அனுப்பும், கார் ரேடியோ பிடித்துக்கொள்ளும். சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 106.4 என்று வரிசையாக ஸ்டேஷன்கள், நடுவில் காலி இடம் தேடுவதே ஒரு வேலை. 87.5-இல் வைத்தேன். ஒரு நாள் எண்ணூர் நெடுஞ்சாலை நெரிசலில் என் பாட்டு நின்று திடீரென அம்மன் பாட்டு. பக்கத்து வேன்காரரும் அதே 87.5! அவர் நகர்ந்த பிறகுதான் என் பாட்டு திரும்பி வந்தது.

நெரிசல் என்றதும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஒரு பக்கத்தையே அடைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும். "திருவொற்றியூர் வரை மெட்ரோ வந்துவிட்டதே" என்பவர்கள், கால் முடியாத அம்மாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்ப் பார்க்கட்டும். காரில் பாட்டு எங்களுக்கு ஆடம்பரம் இல்லை சாமி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் கைகொடுத்தது கேசட் அடாப்டர். பர்மா பஜாரில் தேடிப் பிடித்தேன். பார்க்க கேசட் மாதிரியே இருக்கும், உள்ளே டேப் கிடையாது. டேப் உரசும் இடத்தில் ஒரு சின்ன ஹெட், அதில் இருந்து ஒரு வயர். வயரைப் போனில் செருகினால், இந்த ஹெட் தரும் காந்த சிக்னலை, வழக்கமாக டேப்பைப் படிக்கும் செட்டின் ஹெட் பாட்டாகப் படித்துக்கொள்ளும். புதுப் போன்கள் பலவற்றில் ஹெட்போன் ஓட்டை இருக்காது, உங்களுடையதில் இல்லை என்றால் டைப்-சி கன்வர்ட்டர் ஒன்று சேர்த்து வாங்குங்கள். உள்ளே பல்சக்கரம் கடகடவென்று சத்தம் போடும். அதைப் பிடுங்கிவிடாதீர்கள், சக்கரம் சுற்றவில்லை என்றால் டேப் முடிந்துவிட்டது என்று நினைத்துச் சில செட்கள் துப்பிவிடும். பாட்டு மங்கலாகக் கேட்டால் காது குடையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு செட்டின் ஹெட்டைத் துடைத்தால் போதும்.

"ஆக்ஸ் தான் பெஸ்ட், கேசட்டில் குவாலிட்டி வராது" என்று வரப்போகிறவர்களுக்கு: செட்டில் ஆக்ஸ் ஓட்டை, அதாவது போன் வயரை நேராகச் செருகும் இடம், இருந்தால் தாராளமாக அதையே போடுங்கள், நான் மறுக்கவில்லை. என் செட்டில் இல்லை. ஆனால் ஆக்ஸிலும் போனை லைட்டரில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டால், ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க கொசு மாதிரி ஙொய் என்று ஏறும் ஒரு சத்தம் வரலாம். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். கண்ணாடியை ஏற்றினாலும் லாரி ஹாரன் உள்ளே வரும் வண்டியில் எனக்கு இந்தக் குவாலிட்டி போதும்.

அடாப்டர் வாங்கும் முன் கேசட் போடும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்களுடையதில் மகள் இரண்டு ரூபாய்க் காசு போட்டு வைத்திருந்தாள்.