நல்ல உடம்புக்காரருக்கும் நுரையீரல் செயலிழக்குமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எதுவும் இல்லை. சளிக்காய்ச்சலில் தொடங்கி, ஐந்தாம் நாள் மூச்சுத்திணறல் வந்து, இப்போது வேலூரில் வென்டிலேட்டரில் இருக்கிறான். வைரஸ் நிமோனியா என்கிறார்கள். குப்புறப் படுக்க வைத்திருப்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. பிழைத்து எழுவானா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: குப்புறப் படுக்க வைத்திருப்பதே அவருக்குத் தரப்படும் முக்கியமான சிகிச்சை, அம்மா. மல்லாந்து படுக்கையில் இதயமும் வயிற்றுறுப்புகளும் அழுத்துவதால் நுரையீரலின் முதுகுப்பக்கக் காற்றுப்பைகள் மூடிக்கொள்கின்றன. கவிழ்த்தால் அவை திறந்து, அங்கே ஓடும் இரத்தத்துக்கு ஆக்ஸிஜன் கிடைக்கிறது. கடும் பாதிப்புள்ளவர்களை நாளுக்கு 16 மணி நேரமாவது இப்படி வைத்திருந்தால் இறப்பு பாதியாகக் குறைகிறது என்று 2013-இல் பிரான்சில் இருந்து வெளியான ஆய்வு காட்டியது. முகம் வீங்கித் தெரிந்தால் பயப்படாதீர்கள்; அது வடிந்துவிடும்.

இன்ஃப்ளுயன்சா, கொரோனா, அடினோவைரஸ் ஆகியவை காற்றுப்பைகளின் உட்சுவரைச் சிதைக்கும்போது, எதிர்ப்புச் சக்தியின் சீற்றமும் சேர்ந்து அங்கே நீர் கோத்துவிடுகிறது. 2009 பன்றிக்காய்ச்சலில் திடமான இளைஞர்கள் பலர் இந்த நிலைக்கு ஆளானார்கள். வென்டிலேட்டர் வைரஸைக் கொல்வதில்லை; நுரையீரல் ஆறும்வரை அவகாசம் தருகிறது. அதனால்தான் உயரத்தைக் கொண்டு கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 6 மில்லி என்ற அளவில் சிறு சிறு மூச்சாகத் தருகிறார்கள். பெருமூச்சாகத் தந்தால் புண்பட்ட நுரையீரல் மேலும் கிழியும். இன்ஃப்ளுயன்சா என்றால் ஓசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு, தாமதமாகிவிட்டாலும் கொடுப்பார்கள். ஆக்ஸிஜன் தேவைப்படும் கொரோனா நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது. இன்ஃப்ளுயன்சாவுக்கு ஸ்டீராய்டு அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்தல்ல.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்: தம்பி வயலுக்கோ புதர்ப்பக்கமோ போய்வந்தவரா? நம் வடஆற்காட்டுப் பகுதியில், குறிப்பாக மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும், ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலும் நுரையீரலை இதேபோல் தாக்குகிறது. அக்குளிலோ தொடையிடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத ஒரு கருந்தழும்பு இருக்கக்கூடும், இல்லாமலும் போகலாம். இந்தக் காய்ச்சலைத் தருவது வைரஸ் அல்ல, டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்பதால் இந்தத் தகவலுக்கு மதிப்பு மிக அதிகம்.

இப்படி நுரையீரல் செயலிழப்பதன் கடும் நிலையில் பத்துப் பேரில் நான்கைந்து பேரை இழக்கிறோம் என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் இளவயதும் வேறு நோயின்மையும் உங்கள் தம்பிக்குச் சாதகமானவை. மீண்டவர்களில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் நுரையீரல் ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. தசைகளின் பலவீனமே நீடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பிசியோதெரபியை விடாமல் செய்ய வையுங்கள்.